தூக்கு கேட்டவரின் சாட்சியம்

நேற்று மதியம் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டார். “அக்கா, கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. தூக்கு சரியா, தப்பா?” நான் ரசம் ஊற்றிக்கொள்வதில் மும்முரமாக இருப்பதுபோல் நடித்தேன். பதில் இல்லாமல் இல்லை. அதை எப்படி வந்தடைந்தேன் என்று சொல்லாமல் கொடுத்தால் உங்களுக்குப் பயன்படாது. அதனால் எழுதித் தருகிறேன்.

முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இந்த வேலையிலிருந்து எனக்கு இது ஓய்வுதான். இனி மறுபடியும் இயந்திரங்களோடு வேலை. அவற்றுக்கு அம்மாக்கள் கிடையாது.

நாம் என்ன செய்கிறோம் என்று வெளியில் கேட்டால் நீங்களும் என்னைப் போலத் திணறுவீர்கள். ஒருவன் கொலை செய்தானா என்பது நம் கேள்வி இல்லை. அதை நீதிமன்றம் முடிவு செய்து, தூக்கும் விதித்த பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது. அந்த மனிதன் பிறந்ததிலிருந்து அந்த நாள்வரை எப்படி வாழ்ந்தான் என்று விசாரித்து, கைதியின் தரப்பில் உயர் நீதிமன்றத்துக்கு ஓர் அறிக்கை தருகிறோம். நீதிபதிகள் அதைப் படித்துவிட்டுத் தூக்கை உறுதி செய்யலாம், ஆயுள் தண்டனையாகவும் குறைக்கலாம்.

நான் படித்தது மெக்கானிக்கல். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டில் இருந்துகொண்டே உளவியல் படித்து இங்கே வந்தேன். வந்த புதிதில் என் கைபேசியில் இரண்டு பட்டியல்கள் வைத்திருந்தேன். தூக்குக்கு ஆதரவான காரணங்கள் ஒன்றில், எதிரானவை மற்றொன்றில். இழந்தவர்களின் வலி, சில செயல்களின் கொடூரம், சமூகத்தின் கோபம் என்று ஒரு பக்கம். தீர்ப்பு தவறினால் உயிரைத் திருப்பித் தர முடியாது, ஏழைக்கு நல்ல வக்கீல் கிடைப்பதில்லை, ஒரு மனிதன் மாறக்கூடும் என்று மறுபக்கம். ஆவடி லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காலை மஞ்சள் வெயில் பெட்டிக்குள் வந்து வந்து போக, மாற்றி மாற்றி எழுதுவேன். இரண்டும் ஒரே உயரத்தில் வளர்ந்துகொண்டே போயின.

அப்போது இந்த அலுவலகத்தை நடத்திய மூத்த வழக்கறிஞர் தூக்குத் தண்டனையை எதிர்ப்பவர் அல்ல. இது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். “சில பேருக்குத் தூக்கு சரிதான்னு நெனைக்கறேன். ஆனா யாருன்னே தெரியாம ஒருத்தனத் தூக்குல போடக் கூடாது” என்பார். அவர் வைத்த விதிகள் இரண்டுதான். கைதியைப் பற்றிய கெட்டதை அறிக்கையில் மறைக்கக் கூடாது. இறந்தவர் வீட்டு வாசலை நாமாகப் போய் மிதிக்கக் கூடாது. அவர்களாக வந்தால் மட்டுமே பேச வேண்டும்.

பெயர்களை மாற்றிவிட்டு ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

டேவிட் ஆவடியை அடுத்த சேக்காட்டுப் பையன். தகடு அடிக்கும் சின்னப் பட்டறை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட கோபத்தில் ஒரு மாலை திரும்பிப் போய், பட்டறை முதலாளியையும் அவருடைய மகனையும் கொன்றான். அந்த மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டேவிட் தப்பிக்கப் பார்க்கவில்லை. போலீஸ் வரும்வரை பட்டறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். கீழ்க்கோர்ட் தூக்கு விதித்தது. படித்தபோது எனக்கும் கோபம்தான் வந்தது. இதைப் போன்ற வழக்குகளைப் படிக்கும்போது உங்களுக்கும் கோபம் வரும். வரட்டும்.

சிறையில் அவனைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் குரல் தொலைவிலிருந்து வருவதுபோலவே இருக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். ஆனால் ஏரியின் மறுகரையிலிருந்து யாரோ பேசுவதுபோலக் கேட்கும். நான் கேட்ட கேள்விக்குச் சற்று நேரம் கழித்துத்தான் பதில் வரும்.

“நடுவுல கொஞ்ச வருஷமா எல்லாம் தண்ணிக்குள்ள நடக்கற மாரி கீது மேடம்” என்றான் ஒருநாள். “யாரு பேசினாலும் வாய் மட்டும் அசையும். திடீர்னு சத்தம் வரும். அப்ப பயங்கரக் கோவம் வரும். யாரு மேலன்னு தெரியாது.”

“எப்போதிலிருந்து?”

“பைக்ல விழுந்தேனாமே. அதுலேர்ந்து.”

“விழுந்தது ஞாபகம் இருக்கா?”

“இல்ல. சொன்னாங்க.”

அவன் அம்மா சரோஜாவைச் சேக்காட்டில் அவர் வீட்டில் பார்த்தபோது அவன் பைக்கில் விழுந்ததைப் பற்றிக் கேட்டேன். அவர் வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பேசினார்.

“ஆமாம் மேடம், பைக்ல விழுந்துட்டான்னு சொல்லி ஓனருதான் ஆஸ்பத்திரில சேத்தாரு. மண்டைல கட்டு. நாலு ஆளுக்குச் சமமா சோறு துன்னுகினு இருந்தவன், வந்தப்புறம் தட்ட வெச்சிகினு அப்படியே பாத்துகினு இருப்பான்.”

“யாரோட பைக் அது?”

அவர் என்னைப் பார்த்தார். “தெரியலியே. அவனுக்கு ஏது மேடம் பைக்கு? சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது அதுக்கு. அவங்கோ சொன்னாங்கோ, நானும் சரின்னு கேட்டுகினேன்.”

எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு மணி அடிக்கும். பட்டறைக்குள் நடந்த விபத்தை வெளியே சொன்னால் விசாரணை வரும், பட்டறை மூடப்படும் என்று பயந்து, ‘பைக்கில் விழுந்தான்’, ‘மாடிப்படியில் வழுக்கினான்’ என்று ஆஸ்பத்திரியில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் டேவிட்டுக்கு ஸ்கேன் எடுக்க அனுமதி வாங்கினோம். மண்டை ஓட்டில் பழைய முறிவு, மூளையின் முன்பகுதியில் பழைய காயம். கோபத்தை அடக்கும் திறனை அது பாதிக்கும் என்றார் மருத்துவர். ஆனால் எப்போது, எப்படி ஏற்பட்டது என்று அவரால் சொல்ல முடியாது. சிறையில் யாரோடோ அடித்துக்கொண்டதில் வந்திருக்கலாம் என்று அரசுத் தரப்பு சொன்னால் எங்களிடம் பதில் இல்லை. பட்டறையில் அப்போது வேலை பார்த்தவர்கள் வடக்கே தங்கள் ஊர்களுக்குப் போய்விட்டார்கள்; தேடியும் கிடைக்கவில்லை. அன்று அவன் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரியிலும் பழைய ஏடுகள் மிச்சமில்லை. முதலாளியும் மகனும் இல்லை. தெரிந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான் மிச்சம். முதலாளியின் மனைவி ரூத். கணவனையும் மகனையும் ஒரே மாலையில் இழந்தவர்.

எங்கள் வழக்கறிஞர் பிரபு நசரத்பேட்டைக்காரர். கோர்ட்டில் அழகான தமிழ் பேசுவார். கோபம் வந்தால் தெருத் தமிழ் வந்துவிடும். “போய் ஒரு வார்த்தை கேட்டா இன்னா? அடிச்சா துரத்துவாங்க?” என்றார்.

“துரத்தலாம். அது பரவாயில்ல. நம்மள வாசல்ல பார்த்த அந்த நிமிஷம் அவங்களுக்கு எப்படி இருக்கும்?”

“உள்ள இருக்கறவனுக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா?”

நாமாகப் போகக் கூடாது என்று மறுபடியும் சொன்னேன். விதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கைதியின் குடும்பம் போகும் இடங்களுக்கெல்லாம் நாமும் ஒருமுறை போவது நம் வழக்கம் என்று சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சரோஜா அம்மாவுடன் அவர்களுடைய கிறிஸ்தவச் சபைக்குப் போனேன். தகரக் கூரை போட்ட சின்னக் கூடம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீரும் உள்ளே பாடும் குரல்களும் ஒன்றாகக் கலந்து, தூக்கத்தின் ஓரத்தில் இருப்பதுபோல இருந்தது. சரோஜா அம்மாவை அந்தச் சபைக்கு முதலில் அழைத்து வந்ததே டேவிட்டின் முதலாளிதானாம். கொலைக்குப் பிறகும் சரோஜா அம்மா வருவதை நிறுத்தவில்லை. செருப்புகள் கிடக்கும் கடைசி வரிசையில் உட்காருவார். வராதே என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை. முன்வரிசையில் வெள்ளைப் புடவையில் ஒரு முதுகு. அதுதான் ரூத் அம்மா.

ஜெப விண்ணப்பச் சீட்டுகளைப் பெயர் சொல்லாமல் பாஸ்டர் வாசிப்பார். வேலை கிடைக்க, காய்ச்சல் தீர, பரீட்சையில் தேற. ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் சொல்லும். இடையில் ஒன்று வந்தது: “மரணத் தீர்ப்பின் கீழ் இருக்கும் ஒரு மகனின் உயிருக்காக.” ஆமென். அடுத்து இன்னொன்று: “தன் குடும்பத்தை அழித்தவனுக்குக் கொடுத்த தண்டனை நிறைவேற, ஒரு தாய்க்கு நீதி கிடைக்க.” ஆமென்.

அதே குரல், அதே அளவு. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சரோஜா அம்மா இரண்டுக்குமே ஆமென் சொன்னார். பழக்கத்தில் வந்ததா, தெரிந்தே சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் என்று பிறகு சொன்னார். என் கைபேசிப் பட்டியல்கள் இரண்டும் அந்தக் கூடத்தில் மிதந்துகொண்டிருந்ததுபோல எனக்குத் தோன்றியது.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அந்த வெள்ளைப் புடவை என் எதிரே நின்றது.

“நீதான் அந்தக் கோர்ட்டுப் பொண்ணா?”

“ஆமாங்கம்மா.”

“அவன் படிச்ச ஸ்கூலு, அவன் டீ குடிச்ச கடை, எல்லாரு ஊட்டுக்கும் போனியாமே. எங்க ஊட்டுக்கு மட்டும் வழி தெரியலியா?”

“உங்க வாசல்ல வந்து நிக்கற உரிமை எங்களுக்கு இல்லம்மா.”

“நல்லாத்தான் பேசற” என்றார். கேலியா பாராட்டா என்று பிடிபடவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரத்தில், உயர் நீதிமன்றத்தில் அறிக்கையைத் தாக்கல் செய்யும் நாள் நெருங்கிவிட்ட ஒரு காலையில், பூந்தமல்லியில் தையல் கடைக்கு மேலே இருக்கும் நம் அலுவலகத்தின் படியேறி அவரே வந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“விடிகாலைல ஒரு கனவு. அவரு பட்டறைல நின்னுகினு செயின் பிளாக்க இழுத்துகினே கீறாரு. டை மேல போவவே மாட்டேங்குது. ‘ரூத்து, ஒரு கை பிடி’ன்றாரு. நான் போய்ப் பிடிக்கறேன், எனுக்குக் கையே இல்ல.” உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “எழுந்து மூஞ்சி கழுவிட்டு நேரா வந்துட்டேன்.”

பிறகு சொன்னார். டை என்னும் கனமான அச்சு ஒன்றைச் செயின் பிளாக்கின் சங்கிலியில் தூக்கும்போது கொக்கி விட்டுவிட்டது. கீழே குனிந்திருந்த டேவிட்டின் தலையில் அதன் முனை பட்டது. சங்கிலி பழசு, மாற்ற வேண்டும் என்று அவர் கணவருக்குத் தெரியும். ரூத் அம்மாவின் துப்பட்டியில் சுற்றித்தான் அவனை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் பைக் என்று சொல்லச் சொன்னவர் அவர் கணவர்.

“அதுக்கப்புறம் அவன் ஒரு மாரியாத்தான் இருந்தான். திடீர்னு கத்துவான், அப்புறம் அழுவான். அவரு பாவம் பாத்து வேலைல வெச்சிகினு இருந்தாரு. முடியாமத்தான் நிறுத்துனாரு.” சட்டென்று நிமிர்ந்தார். “இத பாரு. நான் அவனுக்குத் தூக்கு வேணும்னுதான் ஜெபம் பண்ணினுகீறேன். இப்பவும் அதான். என் புள்ளைய நெனச்சா எனுக்கு வேற எதுவும் வேணாம். ஆனா இது தெரிஞ்சவ நான் ஒருத்திதான். கொண்டாம்மா, எங்க கையெழுத்து போடணும்?”

பிரபு பக்கத்து அறையில் தட்டச்சு செய்து முடித்து, பிரமாணப் பத்திரத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து அவர் முன் வைத்தார். பேனாவின் மூடியையும் கழற்றிக் கொடுத்தார். ரூத் அம்மா ஒரு வரியும் படிக்காமல் பேனாவைத் தாளில் ஊன்றினார். ஜன்னலுக்கு வெளியே பூந்தமல்லி பஸ்கள் சத்தமே இல்லாமல் போவதுபோல எனக்கு இருந்தது.

“இன்னைக்கு வேணாம்மா” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“இத கோர்ட்ல படிப்பாங்க. பேப்பர்ல வரலாம். உங்க வீட்டுக்காரர் பேர் இதுல வரும். இறந்துபோனவரால வந்து பதில் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க. உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. அரசு வக்கீலக் கேளுங்க. அப்புறமும் சொல்லணும்னு தோணினா வாங்க. தோணலன்னா நாங்க உங்களத் தேடி வர மாட்டோம்.”

அவர் பேனாவை மேசையில் வைத்தார். எழுந்து இறங்கிப் போனார்.

பிரபு வெடித்தார். “உனுக்கு இன்னா கழண்டுகிச்சா? கைல பேனா கீது, எதுர்ல பேப்பர் கீது. ரெண்டு நிமிஷம் வாய மூடிகினு இருந்திருந்தா ஒரு உயிரு மிஞ்சியிருக்கும்!”

“கனவு கண்டு எழுந்து சாப்பிடாம வந்திருக்காங்க பிரபு. நாளைக்கு மாத்திச் சொன்னா?”

“மாத்தினா பாத்துக்கலாம். வரவே இல்லன்னா? டேவிட் அம்மாகிட்ட போயி நீயே சொல்லு.”

அவர் சொன்னது நியாயம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்: எதிர்க் கருத்தும் நியாயமாக இருக்கும்போதுதான் முடிவெடுப்பது கடினம். என் காரணங்கள் எவை என்று அன்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். ரூத் அம்மா உடைந்துபோன காலையில் வாங்கும் கையெழுத்து நீதிமன்றத்தில் நிற்காது என்பது ஒன்று. அது சட்டக் காரணம், பிரபுவிடம் சொல்லலாம். மற்றொன்றை அவரிடம் சொல்லவில்லை. இரண்டு உயிர்களைப் பறிகொடுத்தவரிடம் மிச்சமிருந்தது கணவரின் நல்ல பெயர். இன்னோர் உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று அதையும் அவர் அயர்ந்திருக்கும்போது நான் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதற்கடுத்த நாட்கள் எனக்குப் புகைபோல நினைவிருக்கின்றன. ஆவடி ஏரிக்கரையில் மாலையில் நடப்பேன். தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். எங்கே கரை முடிகிறது என்று தெரியாது. சரோஜா அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. டேவிட் சாவதற்கு நான் காரணமாகிவிடுவேனோ என்று நினைக்கும்போது கால்கள் தரையில் படவில்லை என்று தோன்றும்.

ரூத் அம்மாவின் மகள் காட்டுப்பாக்கத்திலிருந்து போன் செய்தாள். கல்யாணமாகி அங்கே இருப்பவள்.

“எங்கப்பாவ அவன் ஒரு தடவ கொன்னான். நீங்க இன்னொரு தடவ கொல்லப் பாக்குறீங்களா? எங்கம்மா பாவம், அழுதா எதுவேணா சொல்லும். வெக்கமா இல்ல?”

திட்டி முடிக்கும்வரை கேட்டேன். “அம்மா வரலன்னா நாங்க கூப்பிட மாட்டோம்” என்று மட்டும் சொன்னேன். அவள் வைத்துவிட்டாள்.

தாக்கல் செய்வதற்கு முந்தைய நாள் அம்மாவும் மகளும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மகள் மேலே வரவில்லை. தையல் கடை வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ரூத் அம்மா மட்டும் படியேறி வந்தார்.

“மறுபடியும் கனவு வந்துச்சாம்மா?” என்று கேட்டேன்.

“இல்ல. ராத்திரி நல்லா தூங்கினேன். காலைல இட்லி துன்னேன். அரசு வக்கீலையும் பாத்துட்டேன், ‘உங்க இஷ்டம்’னாரு. போதுமா உனுக்கு? எழுது.”

பிரபு எழுதினார். முடிக்கும் இடத்தில் ரூத் அம்மா சொன்னார்: “இவ்ளோ தெரிஞ்சும் நான் அவனுக்குத் தூக்குதான் கேக்குறேன்னு போடு.”

பிரபு என்னைப் பார்த்தார். அவர் கண் கெஞ்சியது. அந்த வரி எங்கள் கட்சிக்காரனுக்கு எதிரானது. ‘அது இதுல தேவையில்லம்மா’ என்று மென்மையாகச் சொல்லிவிட்டால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

“போடுங்க பிரபு” என்றேன்.

போட்டார். ரூத் அம்மா ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அவன் உயிரோடு இருக்கும்வரை சிறைதான் என்றும் சொன்னது. அரசுத் தரப்பு அந்தப் பிரமாணப் பத்திரத்தை எதிர்க்கவில்லை. தன் விருப்பத்துக்கு எதிரான உண்மையை ஒருவர் சொல்லும்போது அதைச் சந்தேகிக்க இடமில்லை என்று நீதிபதி ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். கடைசி வரியை வைத்துக்கொண்டதால்தான் மற்ற வரிகள் நின்றன என்று இப்போது பாடம்போலச் சொல்லலாம். ஆனால் அன்று அதை நினைத்து நான் வைக்கச் சொல்லவில்லை. அது அவருடைய வரி. அவ்வளவுதான்.

நீதிமன்றத் தாழ்வாரத்தில் சரோஜா அம்மா ரூத் அம்மாவின் காலைத் தொடக் குனிந்தார். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். “வேணாம். உனுக்காகப் பண்ணல” என்றார். மகள் அவர் தோளைப் பிடித்துக் கூட்டத்துக்குள் அழைத்துப் போனாள்.

சில நாட்கள் கழித்து, ஒரு மத்தியானம், ரூத் அம்மாவிடமிருந்து போன் வந்தது. நான் ரயிலில் இருந்தேன். பெட்டி காலியாக, வெயிலில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

“பேப்பர்ல போட்டுட்டானுங்க. பாத்தியா?”

“பார்த்தேன்மா.”

“தெருவுல ஒருத்தி நிறுத்திக் கேக்குறா. ‘இன்னாக்கா, உங்க ஊட்டுக்காரரு அந்தப் பையன் மண்டைய ஒடச்சிட்டு மறைச்சிட்டாராமே, அவருமேலயும் தப்புதானே’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இன்னா சொல்றது? ஆமா, மறைச்சாரு, தப்புதான்னேன். அவரு செஞ்ச தப்பு அது ஒண்ணுதானாடி, அவரு அவ்ளோதானா, அதுக்காக அவர் உயிர எடுத்துடலாமான்னு கேட்டேன்.”

சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அதே கேள்வியை டேவிட்டைப் பற்றியும் கேட்கலாம்; நேற்று நீங்கள் கேட்டதற்கு என் பதில் அதுதான். ரயில் ஒரு ஸ்டேஷனில் நின்று, யாரும் ஏறாமல், மறுபடியும் கிளம்பியது. அவர் இன்னும் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.